சாமுவேல் சார் வீட்டில் நான் சொன்ன கிரேஸ்

இங்கிலீஷில் சில சொற்கள் கோயிலில் பிறந்து கடைத்தெருவில் வளர்ந்தவை. 'கிரேஸ்' அப்படி ஒன்று. ஆண்டவனின் அருள் என்பதுதான் அதற்கு மூலப்பொருள் என்று பின்னாளில் படித்துத் தெரிந்துகொண்டேன். எனக்கு அது வந்து சேர்ந்த வழி வேறு. பி.யு.சி. இங்கிலீஷில் என்னைக் கரையேற்றியது கிரேஸ் மார்க். அறுபதுகளின் நடுவில் கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு மல்லாட்டைக் கம்பெனியில் (நிலக்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பெயர்) குமாஸ்தாவாகச் சேர்ந்தேன். சிதம்பரத்திலிருந்து தினமும் ஆடி அசைந்து வரும் பாசஞ்சர் வண்டியிடமிருந்து என்னைக் காப்பாற்றியது கிரேஸ் டைம். அப்பா இன்ஷ்யூரன்ஸ் பணம் கட்டுவதும் கிரேஸ் நாட்களில்தான். ஆக, எங்கள் குடும்பத்துக்கு அருள் எப்போதும் தவணையில்தான் இறங்கியது. ஒரு நாள் அது மட்டன் குழம்பு வாசனையோடு வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

வேலை அப்போது நிரந்தரமாகவில்லை. மங்கலம்பேட்டையில் எனக்குப் பெண் பார்த்து முடித்திருந்தார்கள். "வேல நெலையாவட்டும், அப்புறம் பத்திரிகை அடிப்போம்" என்று பெண்ணின் அண்ணன் கறாராகச் சொல்லிவிட்டான்.

முடிவு செய்ய வேண்டியவர் மேனேஜர் சாமுவேல் சார். அவருக்கு ஒரு பழக்கம். ஒருவனை நிரந்தரமாக்கும் முன் ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குக் கூப்பிடுவார். பொய் சொல்பவனை மட்டும் அவருக்கு ஆகாது. எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவன் பெரியப்பா செத்துப்போனதாகச் சொல்லி லீவு எடுத்தான். மறுநாள் அந்தப் பெரியப்பாவே அவனைத் தேடி ஆபீசுக்கு வந்து நின்றார். நாற்காலி எனக்குக் கிடைத்தது அப்படித்தான்.

பக்கத்து மேஜை வேலு தேவனாம்பட்டினத்துக்காரன். அந்தச் சாப்பாட்டுப் பரீட்சையில் ஏற்கெனவே தேறியவன்.

"ஒண்ணும் பயப்படாத மச்சான். சோறு போட்டதும் கைய வச்சுடாத. மொதல்ல கண்ண மூடி ஜெபம் பண்ணுவாங்க. அதுக்கும் கிரேஸுன்னுதான் பேரு. நீயும் கண்ண மூடிக்க. ஆமென்னு சத்தம் கேட்டதும் பூந்து வெளையாடு" என்றான்.

வயிற்றில் இடம் வேண்டுமே என்று காலையில் வெறும் காபியோடு கிளம்பினேன். சாமுவேல் சாரின் மனைவி ஸ்டெல்லா அம்மா மேஜையில் பீங்கான் தட்டு வைத்து, சோறு போட்டு, மட்டன் குழம்பை ஊற்றினார். நான் யாரும் சொல்லாமலே கண்ணை மூடிக்கொண்டேன். ஆமென் எப்போது வரும் என்று காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தேன்.

"தம்பி, விருந்தாளிதான் கிரேஸ் சொல்லணும். அதான் எங்க வீட்டு வழக்கம்" என்றார் சார்.

வேலு இதைச் சொல்லவில்லை. (அவன் போன அன்று கூடவே ஒரு பாஸ்டரும் சாப்பிட வந்திருந்தாராம். பாவி!)

தமிழில் இரண்டு வார்த்தை சொல்லியிருக்கலாம். சிதம்பரத்துக்காரனுக்குச் சாமியிடம் பேசத் தெரியாதா என்ன? ஆனால் கிரேஸ் என்றால் இங்கிலீஷில்தான் சொல்ல வேண்டும் என்று என் மேதாவி மூளை முடிவு கட்டிவிட்டது. பணிவான இங்கிலீஷ் என்று எனக்குத் தெரிந்தது உலகத்தில் ஒன்றே ஒன்றுதான்.

"ரெஸ்பெக்டட் காட்" என்று ஆரம்பித்தேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். வாய் பழகிய மாடு மாதிரி தன் பாட்டில் நடந்தது. "ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர், ஐ ஹம்ப்ளி ரெக்வெஸ்ட் யூ டு கிராண்ட் மீ லீவ் ஃபார் ஒன் டே. தேங்க்கிங் யூ. யுவர்ஸ் ஒபீடியன்ட்லி." பேரையும் சொன்னேன், இனிஷியலோடு.

"ஆமென்" என்றார் சார், வெகு நிதானமாக.

கண்ணைத் திறந்தால் என் தட்டைக் காணோம். ஸ்டெல்லா அம்மா கையில் இருந்தது.

"ஐயோ, புள்ளைக்கு ஜொரமாம்! நம்மகிட்ட சொல்லாம சாமிகிட்ட சொல்லுது பாருங்க. மட்டன்லாம் ஆவாது கண்ணு. கஞ்சி வச்சுத் தரேன்."

ஜுரம் இல்லை என்று சொல்லலாம். சொன்னால் கடவுளிடமே பொய் சொன்னவன் ஆவேன். பெரியப்பாவைச் சாகடித்தவன்கூட மேனேஜரிடம்தானே பொய் சொன்னான்! வேலையும் போகும், மங்கலம்பேட்டையும் போகும்.

சார் என் மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்தார். "ஒடம்பு ஜில்லுன்னு இருக்கே?"

"உள் ஜொரம் சார்."

கஞ்சி வந்தது, ஒரு துண்டு நார்த்தங்காயோடு. எதிரில் சார் நல்லி எலும்பை உறிஞ்சிக்கொண்டிருந்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. பசி ஒரு பக்கம், என்மேலேயே கோபம் ஒரு பக்கம். இரண்டாவது கரண்டி கஞ்சி விழுந்ததும் தாங்கமுடியாமல் உடைந்துவிட்டேன்.

"சார், ஜொரமும் இல்ல, ஒண்ணும் இல்ல சார். எனக்குத் தெரிஞ்ச இங்கிலீஷே அவ்ளோதான் சார்!"

"பாவம், ஜொர வேகத்துல ஒளறுது" என்று ஸ்டெல்லா அம்மா மூன்றாவது கரண்டியையும் ஊற்றினார்.

சாருக்குப் புரையேறிவிட்டது. மேஜையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய வழியச் சிரித்தார். "அது லீவு லெட்டர்னு எனக்கு ஆரம்பத்துலயே தெரியும்டா. நீ எப்ப உண்மைய சொல்றன்னுதான் பாத்துக்கிட்டு இருந்தேன். போ, வேல உனக்குத்தான்" என்றார். ஆனால் அந்த அம்மாவை மட்டும் கடைசிவரை நம்பவைக்க முடியவில்லை. மட்டனை என் கண்ணிலேயே காட்டவில்லை.

மூன்று மாதத்தில் மங்கலம்பேட்டையில் கல்யாணம். முகூர்த்தத்துக்குச் சற்று முன்னால் சாரும் அம்மாவும் வந்தார்கள். அம்மா நேராக மணமேடைக்கே வந்து, என் கன்னத்தைத் தொட்டு, பந்தலுக்கே கேட்கிற குரலில் கேட்டார்: "ஜொரம்லாம் சுத்தமா வுட்டுடுச்சா கண்ணு? அன்னைக்கி என்னமா ஒளறிக்கிட்டு இருந்த!"

நாதஸ்வரம் நின்றது. பெண்ணின் அண்ணன் எழுந்தான். "என்னா ஜொரம்? எத்தினி நாளா? எங்ககிட்ட ஏன் சொல்லல?" சாமுவேல் சார் ஓடிவந்து நடந்ததையெல்லாம் விளக்கினார். அவன் பொறுமையாகக் கேட்டுக்கொண்டான். பிறகு கம்பவுண்டரைக் கூட்டிவர ஆள் அனுப்பினான்.

எங்கள் கல்யாண போட்டோவில் என் வாயிலிருந்து வெள்ளையாக நீட்டிக்கொண்டிருப்பது சிகரெட் இல்லை, தெர்மாமீட்டர். ஜுரம் இல்லை என்று கம்பவுண்டர் கையை உயர்த்திய பிறகுதான் கெட்டிமேளம் கொட்டினார்கள். என் மச்சான் இன்றைக்கும் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றால், புறங்கையை என் நெற்றியில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் செருப்பைக் கழற்றுகிறான்.