அட்மினால் நீக்கப்பட்டது

ஓசூரில் மார்கழிப் பனி காலை எட்டரை வரைக்கும் கலையாமல் ஏன் நிற்கிறது என்று யாராவது கேட்டால், அட்மினண்ணன் அதைப் பிடித்துவைத்து விவாதம் பண்ணிக்கொண்டிருப்பார் என்றுதான் சொல்வேன். இந்த உலகத்தில் அவர் விவாதிக்காத ஆளும் கிடையாது, பொருளும் கிடையாது. பனி ஒன்றுதான் பதில் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தது. அதனாலேயே அவருக்கு அதன்மேல் கொஞ்சம் மரியாதை.

ரிங் ரோடு தாண்டி, ரோஜாத் தோட்டத்தை ஒட்டி, கம்பெனி ஆட்கள் தங்குகிற ஒரு மூன்று மாடி பில்டிங். அதில் நானும் அவரும் ஒரே அறை. அவர் உண்மையான பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. கம்பெனி அடையாள அட்டையைத் திருப்பி மாட்டிக்கொண்டுதான் திரிவார். கேட்டால், "என் பேரு என் சொந்த விஷயம்ப்பா. தெரிஞ்சிகினு நீ என்னா பண்ணப் போறே?" என்பார். பில்டிங் ஆட்களுக்காக ஒரு குரூப் ஆரம்பித்து அதற்கு அட்மினாக இருந்ததால் அட்மின். வயதில் மூத்தவர் என்பதால் அண்ணன். வேலை, உதிரிபாகக் கம்பெனியில் தரம் பார்ப்பது. பிழைப்பு அது. வாழ்க்கை, போனில்.

அந்தப் போனைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். வாங்கும்போது உள்ளே இருந்த சாஃப்ட்வேரைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு, உலகத்தில் யார் யாரோ சும்மா செய்து கொடுத்த இலவச சாஃப்ட்வேரைப் போட்டிருந்தார். "கம்பெனிக்காரன் போட்டதை வெச்சிருந்தா, நாம என்னா கனவு காண்றோம்னுகூட அவனுக்குத் தெரிஞ்சிடும்ப்பா." அவர் கண்ட கனவுகளை அவரே காலையில் மொத்த பில்டிங்குக்கும் சொல்லிவிடுவார் என்பது வேறு விஷயம். துடைத்த நாளிலிருந்து போனுக்கு இரண்டு வியாதி. ஒன்று, ஏதோ ஒரு அப்டேட்டில் அதன் பாஷை மாறிவிட்டது. எந்த நாட்டு எழுத்தென்று யாருக்கும் தெரியவில்லை. மாற்றலாம் என்றால், மாற்றுகிற இடமும் அதே பாஷையில் இருந்தது. அண்ணன் அசரவில்லை. எந்த வரியைத் தொட்டால் எது திறக்கும் என்று பழகிக்கொண்டு, அந்தத் தெரியாத பாஷையிலேயே குடித்தனம் நடத்தினார். இரண்டாவது, வாய்ஸ் மெசேஜ் எது வந்தாலும் போன் தானாகவே உரக்கப் பேசும். பஸ்ஸில், கோயில் வரிசையில், மேனேஜர் முன்னால் எல்லா இடத்திலும் பேசியிருக்கிறது.

படுக்கையில் படுத்திருக்கும்போதே எங்கள் போன்களுக்கு "கர்நாடகாவுக்கு நல்வரவு" என்று மெசேஜ் வரும். அந்தப் பக்கத்து டவர் எட்டிப் பிடித்துக்கொள்ளும். புரண்டு படுத்தால் தமிழ்நாடு. அரைத் தூக்கத்தில் அண்ணன் சிரிப்பது கேட்கும். "பாத்தியா? டவருக்கே தெரியாத பார்டர். எனக்கு மட்டும் எதுக்குப்பா?" சொல்லிவிட்டுக் குறட்டை விடுவார். பனிக்காலத்தில் அதைக் கேட்டுக்கொண்டே தூங்கினால், கட்டில் கொஞ்சம் மிதக்கிற மாதிரிதான் இருக்கும்.

டீக்கடையில் "இங்கு அரசியல் பேசாதீர்" என்று ஒரு பலகை. அது தணிக்கை என்று அண்ணன் ஆரம்பித்தார். அந்தப் பலகையே அரசியல்தான், ஆகவே முதலில் பலகை பேசுவதை நிறுத்த வேண்டும் என்று முடித்தார். மாஸ்டர் பால் பொங்கியதைக் கவனிக்கவில்லை. மறுநாள் அந்தப் பலகைக்குக் கீழே சாக்பீஸில், "அட்மின் எதுவுமே பேசாதீர்" என்று எழுதியிருந்தது.

இண்டர்நெட்டில் ஒரு விவாத மன்றம். எந்த சாஃப்ட்வேர் நல்லது, சர்க்கார் ஒரு சைட்டை முடக்கலாமா, கம்பெனிக்காரன் நம் பதிவைத் தூக்கலாமா என்று ஊர் பேர் தெரியாதவர்கள் அங்கே மோதிக்கொள்வார்கள். அண்ணன் மொட்டைமாடியில், மங்கி குல்லாவுக்குள்ளிருந்து, அத்தனை பேரோடும் மோதுவார். அவரைத் திட்டுவதற்கென்றே காலையில் எழுந்து பல் விளக்கியவர்கள் உண்டு. அவர் பதிவு ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு வரி தானாக வந்து நிற்கும்: "இதுவரை நான் ஒரு மெசேஜைக்கூட அழித்ததில்லை." அவர் சொத்து அதுதான்.

எங்கள் குரூப்பிலும் அதே சட்டம். யாருக்கும் தெரியாத ஒரு ஆப்பைத் தேடிப் பிடித்து அதில்தான் குரூப்பை வைத்திருந்தார். புதிதாகச் சேருகிறவர்களுக்கும் முதல் நாளிலிருந்து போட்டதெல்லாம் தெரியும். எதையாவது அழித்தால், "அட்மினால் நீக்கப்பட்டது" என்று அந்த இடத்தில் எல்லார் கண்ணுக்கும் ஒரு வரி தழும்பாக நிற்கும். பில்டிங் ஓனரையும் சேர்த்திருந்தார். "எதிர்க்கட்சி இல்லாத சபை ஒரு சபையாப்பா?"

பக்கத்து அறை மஞ்சுநாத் கோலார்க்காரன், பாதி கன்னடம் பாதி தமிழ். எல்லாவற்றுக்கும் ஒரு ஃபில்டர் வேண்டும் என்பது அவன் கட்சி. "அப்படி அல்லா சார், பொய்யி வந்தா டெலிட் மாட்பேக்கு, பண்ணியே ஆகணும். பில்டிங்ல இருக்கறவங்க பாதி பேரு நம்பிடறாங்கோ."

"அழிச்சா இன்னும் நம்புவான் மஞ்சு. அடியில பதில் போடு. படிக்கறவன் முடிவு பண்ணிக்கட்டும்."

ஒருதரம், போனைத் தக்காளிக்குப் பக்கத்தில் வைத்தால் சிக்னல் ஏறும் என்று ஒரு ஃபார்வர்ட் வந்தது. அண்ணன் அடியில், "மேலே உள்ளது பொய்" என்று போட்டார். அன்று சாயந்திரமே டவரைச் சரிபண்ணித் தொலைத்தார்கள், சிக்னல் கூடியது. ராயக்கோட்டைத் தக்காளி கட்டிலுக்கு ஒன்றாக எல்லார் தலைமாட்டிலும் ஏறிவிட்டது. மஞ்சு தன் தக்காளியைக் காட்டி, "ஹேளி சார், இப்ப சொல்லுங்க" என்றான்.  அப்போதும் அண்ணன் அந்த ஃபார்வர்டை அழிக்கவில்லை. சமையல்காரர் ஒரு வாரம் கழித்து எல்லாத் தக்காளியையும் திரட்டி ரசம் வைத்தார்.

வினை வெந்நீரில் வந்தது. மொட்டைமாடியில் இருந்த சோலார் ஹீட்டரிலிருந்து ஒரு பைப் சத்தமில்லாமல் சுவரேறிக் குதித்து, பக்கத்தில் இருந்த ஓனர் வீட்டுக்குள் போவதை யாரோ போட்டோ எடுத்து, "நம்ம வெந்நீர் இப்படித்தான் போகுது" என்று குரூப்பில் போட்டுவிட்டார்கள். ரூம் கேட்டு வருகிறவன் எல்லாம் குரூப்பில் சேர்ந்ததும் முதலில் அதைத்தான் பார்த்தான். பார்த்துவிட்டு வேறு பில்டிங் தேடிப் போனான்.

ஓனர் தெலுங்குக்காரர். கனத்த உடம்பு, கனத்த குரல். டைப் அடிக்க வராது, மைக்கை அமுக்கிப் பேச மட்டும்தான் தெரியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாடியேறி நேரில் வந்துவிட்டார்.

"ஏம்பா அட்மினு. அந்த போட்டோவை எடுத்துடு."

"போட்டோ பொய்யாங்க?"

"பொய்யின்னு நா சொன்னனா? எடுத்துடுன்னு சொன்னேன்."

"நிஜத்தை எடுக்க மாட்டேங்க. உங்களுக்கு என்னா தோணுதோ அடியில போடுங்க. அதையும் நான் தொட மாட்டேன்."

"அப்படியா? அப்ப ஒண்ணாந் தேதி ரூமைக் காலி பண்ணு."

சொன்னால் சொன்னதுதான், அந்த மனுஷன் அப்படி. அண்ணனுக்கு அந்த அறையை விட்டால் ஓசூரில் வேறு இடம் கிடையாது. கிடைக்காமல் இல்லை, விவாதம் பண்ணியே ஊரில் பாதி ஓனர்களை ஏற்கனவே பகைத்துக்கொண்டிருந்தார். சூளகிரிப் பக்கம் போனால் ஷிப்ட் பஸ் வராது. "தட்டினா போச்சு, ஒரு போட்டோதானேண்ணா" என்று நான் கெஞ்சினேன். "ஒண்ணை அழிச்சா, அப்புறம் நான் யாருப்பா?" என்றார். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. இவர் போய்விட்டால் அந்த அறையில் நான் யாரோடு சண்டை போடுவேன்?

ஓனரும் ஒரு விஷயத்தில் புதிராகத்தான் இருந்தார். இத்தனை கோபத்திலும் அந்தக் குரூப்பை விட்டு, அந்த ஆப்பை விட்டு அவர் வெளியே போகவில்லை.

ஒண்ணாந் தேதிக்கு முந்தின வாரம். விடிகிற நேரம். நானும் அண்ணனும் பக்கெட்டோடு மொட்டைமாடியில், வராத வெந்நீருக்காகக் காத்திருந்தோம். பனி எங்கள் முட்டி வரைக்கும் வந்து, அப்புறம் தோள் வரைக்கும் வந்து, பில்டிங்கைக் காணோம். ரோஜாத் தோட்டம் இல்லை, ரோடு இல்லை. ஹைவேயில் லாரி போகிற சத்தம் மட்டும் எங்கோ தண்ணீருக்கு அடியில் கேட்கிற மாதிரி. கீழே ஓனர் வீட்டு முற்றத்தில் யாரோ முணுமுணுவென்று தனக்குள் பேசிக்கொண்டிருந்தார்கள்.

திடீரென்று அண்ணன் போன் பேச ஆரம்பித்தது. ஓனர் குரல். ஆனால் அந்தக் கனத்த குரல் இல்லை. மகளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டது.

ஓனருக்கு ஒரே மகள். எங்கள் ரூம் வாடகை விவகாரமெல்லாம் முன்பு அந்தப் பெண்தான் பார்த்துக்கொண்டது. அதற்காகத்தான் அண்ணன் அந்தப் பெண்ணையும் இந்த ஆப்பில் சேர்த்திருந்தார். பிறகு அது தன் விருப்பத்துக்குக் கல்யாணம் பண்ணிக்கொண்டு பெங்களூர் போய்விட்டது. அப்பா பேச்சை முறித்துக்கொண்டார். அவர் மனசு மாறிய நேரத்தில், பெண் முறித்துக்கொண்டது.

"...மத்த எல்லாத்துலயும் என்னை பிளாக் பண்ணிட்டியேம்மா. இது ஒண்ணுல மட்டும் விட்டு வெச்சிருக்கே. மறந்து விட்டியோ, வேணும்னு விட்டியோ..."

மகள் பெயருக்குப் பதில், அடுத்து இருந்த குரூப்பின் பெயரை மனுஷன் தொட்டுவிட்டார். பனியைத் துளைத்துக்கொண்டு மேலிருந்து தன் குரலே இறங்கி வருவதைக் கேட்டு, கீழே முணுமுணுப்பு நின்றுபோனது.

அண்ணன் போனைக் குல்லாவுக்குள் அமுக்கினார். அது குல்லாவுக்குள்ளிருந்தும் பேசியது. காலை ஷிப்ட் ஆட்கள் எழுந்திருக்கிற நேரம். எழுந்தால் முதல் வேலை போன்தான். மெசேஜை அழுத்திப் பிடித்தார். அந்தத் தெரியாத பாஷையில் வரிசையாக எழுத்துகள் விழுந்தன.

"எதுப்பா இதுல அழிக்கிறது?"

"உங்க போன்ண்ணா. என்கிட்ட கேக்கறீங்க?"

"நான் எங்கப்பா அதைத் தொட்டேன்?"

"குப்பைத்தொட்டி படம் இருக்குமே."

"கை தவறிக்கூடப் பட்டுடக் கூடாதுன்னு அந்தப் படத்தை நான்தான் எடுத்துட்டேன்."

ஒரு வரியைத் தொட்டார். மெசேஜ் குரூப்பின் உச்சியில் போய் முக்கிய அறிவிப்பாக உட்கார்ந்துகொண்டது. கீழே மூன்று மாடியிலும் போன்கள் ஒவ்வொன்றாக உறுமின. யாரோ இருமினார்கள். ஒரு கதவு திறந்தது. அண்ணன் அடுத்த வரியைத் தொட்டார். அந்த பாஷை அவரை ஏதோ கேட்டது. நிச்சயமாகவா என்று கேட்டிருக்கும். கண்ணை மூடிக்கொண்டு இடது பக்கத்தைத் தட்டினார்.

போய்விட்டது. அந்த இடத்தில் ஒரே ஒரு வரி நின்றது.

அண்ணன் கைப்பிடிச் சுவரோரம் போய், ஒன்றும் தெரியாத பனியைப் பார்த்துத் தணிந்த குரலில் சொன்னார்: "ஓனரே, அது வேற இடத்துக்கு வந்துடுச்சுங்க. யாரும் கேக்கலை. பேரைப் பாத்துத் தொட்டு இன்னொருக்கா சொல்லுங்க."

 பிறகு கீழே ஒரு செருமல். அப்புறம் அந்த முணுமுணுப்பு மறுபடி ஆரம்பித்தது. நான் காதைத் தீட்டினேன். பொய் சொல்வானேன், ஆசைதான்.

"கேக்காதே. போய்க் குளி" என்றார் அண்ணன்.

"வெந்நீர் வரலையேண்ணா."

"பச்சைத் தண்ணியில குளி."

யார் எதைப் படித்தாலும் கேட்டாலும் தடுக்கக் கூடாது என்று உலகத்தோடு மோதிய மனுஷன், என் தோளைப் பிடித்து மாடிப்படியில் தள்ளிவிட்டார். மார்கழியில் பச்சைத் தண்ணீர். உயிர் போய் உயிர் வந்தது.

நான் தலை துவட்டிக்கொண்டு வரும்போது மஞ்சு போனும் கையுமாக நின்றான். முகமெல்லாம் பல். "அட்மின் சார், நீங்களா? நீங்களே டெலிட்டா? என்ன மெசேஜ் சார் அது? பொய்யா?"

"இல்லப்பா. நிஜம்."

"நிஜத்தை ஏன் சார் டெலிட் பண்ணீங்க?"

அண்ணன் பக்கெட்டை எடுத்துக்கொண்டு தானும் பச்சைத் தண்ணீரில் குளிக்கப் போனார். அவர் வாழ்நாளில் பதிலில்லாமல் தோற்ற ஒரே விவாதம் அதுதான். மஞ்சு அன்றைக்கு பில்டிங் முழுக்க டீ வாங்கிக் கொடுத்தான்.

மன்றத்திலும் அவர் மறைக்கவில்லை. தன் பதிவுகளுக்கு அடியில் இருந்த வரியை அவரே மாற்றினார்: "இதுவரை நான் ஒரு மெசேஜை அழித்திருக்கிறேன்." விட்டுவிடுவார்களா? எத்தனை நாளாகக் காத்திருந்தவர்கள். என்ன மெசேஜ், யார் மிரட்டினார்கள், எவ்வளவுக்கு விலை போனாய் என்று கிழித்துத் தோரணம் கட்டினார்கள். மொட்டைமாடியில் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் படித்தார். ஒன்றுக்கும் பதில் போடவில்லை. ஒன்றையும் அழிக்கவும் இல்லை.

ஒண்ணாந் தேதி வந்தது. ஓனர் வரவில்லை. பைப்பும் மாறவில்லை, வெந்நீர் வழக்கம்போலச் சுவரேறிக் குதித்துப் போய்க்கொண்டிருந்தது. ஆனால் ஒருநாள் அந்த போட்டோவுக்கு அடியில் ஓனரின் வாய்ஸ் மெசேஜ் ஒன்று வந்து, அண்ணன் போன் அதை ஊருக்கே சொன்னது: "மேல இருக்கறது நிஜம்தாம்பா. பக்கெட்டு எடுத்துகினு வந்தா எங்க வீட்டுல புடிச்சிக்கலாம். பொண்ணும் மாப்பிள்ளையும் வந்திருக்காங்க, இந்த வாரம் மட்டும் கொஞ்சம் கம்மியா புடிங்க."

இதை எழுத உட்கார்ந்தபோது, அன்று காலை போனிலிருந்து நான் கேட்ட மீதியையும், அந்த அப்பா மகளிடம் கடைசியாகச் சொன்ன வார்த்தையையும் சேர்த்து ஒரு பத்தி எழுதியிருந்தேன். நன்றாகவே வந்திருந்தது. இந்தக் கட்டுரையிலேயே நல்ல பத்தி அதுதான். அட்மினண்ணன் எங்கேயோ குல்லாவுக்குள் உட்கார்ந்து இதைப் படிப்பார் என்று நினைப்பு வந்தது. அழித்துவிட்டேன்.