பத்தாம் நாற்காலிப் படலம்

வாழ்க, பதிவேடு சுமந்த பெருந்தோளன்! வாழ்க, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அதை மேசையெங்கும் தேடும் மேலோன்! நூற்றெண்பது ஓட்டுநர்க்கும் நாள்தோறும் வழி வகுத்து, இன்னார் இன்ன பேருந்தில் ஏறுக என்று ஒற்றைத் தாளில் தலைவிதி எழுதும் டூட்டி எழுத்தன், சட்டைப்பையில் பேனாவை உடைவாளெனச் செருகிய செம்மல், பணிமனை முழுதும் 'டிக்சனரி சார்' என்று அழைக்க, அழைக்கும்தோறும் அரை அங்குலம் உயர்ந்து நடக்கும் அண்ணல் டிக்சனரியார் வாழ்க, வாழ்க!

அவையடக்கமாக ஒன்று சொல்லிவிடுகிறோம். இந்தப் போரைப் பாட வந்த நமக்கும் ஆங்கில இலக்கணத்துக்கும் ஏழாம் வகுப்பிலிருந்தே பேச்சுவார்த்தை கிடையாது. நவுன் எது, ப்ரொனவுன் எது என்று எழுப்பிக் கேட்டால் திருதிருவென்று விழிப்போம். எழுப்பாமல் கேட்டாலும் அப்படித்தான். ஆகவே பாடுபவர்க்கும் பாடப்படுபவர்க்கும் இடையே பெரிய வித்தியாசம் எதுவும் இல்லை என்பதைச் சபை மனத்தில் கொள்க.

அந்தப் பட்டப்பெயர் அவருக்கு வந்த வரலாறு சிறிது. பதினோராண்டுகட்கு முன், அனைவரும் சூழ்ந்திருந்த வேளையில், 'இமீடியட்லி' என்பதற்கு எழுத்துக்கூட்டு என்ன என்று மேலாளர் கேட்க, மற்றவரெல்லாம் தரையைப் பார்த்தபோது இவர் மட்டும் நிமிர்ந்து நின்று மடமடவென்று சொன்னார். எதிர்ச்சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பில் அதே சொல் கொட்டை எழுத்தில் இருந்தது. அண்ணலின் கண்பார்வை அக்காலத்தில் நன்றாக இருந்தது.

அன்றுமுதல் பணிமனையில் விடுப்பு விண்ணப்பமா, வேண்டுகோள் கடிதமா, எதுவானாலும் வெள்ளைத்தாளோடு வந்து அவர் மேசையருகே பணிந்து நிற்பார்கள். முதல் டீ அவருக்கே வரும். மின்விசிறிக்கு நேர் கீழ் உள்ள இருக்கையும் அவருக்கே. வீட்டிலோ இத்தகைய மரியாதை கிடையாது. அங்கே அவர் பேச்சை மனைவி கேட்பதில்லை, மகள் காதில் வாங்குவதே இல்லை. உலகில் அவருக்கென்று இருந்தது அந்த ஒரு பெயர்தான். அது போனால் எஞ்சுவது ஒரு டூட்டித்தாளும் சற்றே தொப்பை விழுந்த ஓர் ஆளும் மட்டுமே என்பதை அவர் நன்கறிவார். அதனால்தான் ஆங்கிலப் பயிற்சி வகுப்பு என்று சுற்றறிக்கை வந்த அன்றே அதை நான்காய் மடித்துப் பதிவேட்டுக்கு அடியில் செருகிவைத்தார்.

களமோ பணிமனையின் உணவுக்கூடம். மேசைகளைச் சுவரோரம் தள்ளி, நாற்காலிகள் பதினான்கை வரிசையிட்டு, வெள்ளைப்பலகை ஒன்றை நிறுத்தி, அதன் முன்னே நின்றாள் பயிற்சி ஆசிரியை. அவள் வயதில் அவருடைய மகளுக்கு அக்கா முறை ஆவாள்; குரலிலோ அவருக்கே பாட்டி. காலை முழுதும் அவள் பெயர்ச்சொல் வாக்கியத்தில் செய்யும் வேலைகளை விளக்கினாள்: எழுவாயாய் முன்னே நடக்கும், செயப்படுபொருளாய் அடி வாங்கும் என்றெல்லாம் எடுத்துச் சொன்னாள். அண்ணல் ஒன்றையும் கேட்கவில்லை. தெரிந்தவர்போல் தலையாட்டுவதிலேயே முழுக்கவனமும் செலவாகிவிட்டது.

பின்பு அவள் பலகையில் பகைப்படையை அணிவகுத்தாள். ஒன்று முதல் பதினான்கு வரை எண்ணிட்டு நீல மையில் எழுந்தது அச்சேனை. எல்லாவற்றுக்கும் பொதுவாய் முன்னணியில் நின்றது காமன் நவுன். தன் முதலெழுத்தை மட்டும் பெரிதாக்கிக்கொண்டு இறுமாந்து வந்தது ப்ராப்பர். கூட்டத்தையே ஒற்றைச் சொல்லில் கட்டி இழுத்தது கலெக்டிவ். இரும்பும் ரப்பருமாய்க் கவசம் பூண்டது மெட்டீரியல். கண்ணுக்குத் தெரியாமல் வந்து கழுத்தைப் பிடிக்கும் அப்ஸ்ட்ராக்ட் அதன் பின்னே பதுங்கியது. எண்ணக்கூடிய கவுண்டபிளும் எண்ணித் தீராத அன்கவுண்டபிளும் இருபுறமும் காத்தன. இவ்வேழு பெருமக்களும் களைத்தால் அவர்க்குப் பதிலாள் போவதற்கென்றே, எட்டு தொடங்கிப் பதினான்கு வரை, ப்ரொனவுன் என்னும் கூலிப்படை பல்லைக் கடித்து நின்றது.

ஆசிரியை முழங்கினாள்:

"ஒவ்வொருத்தரா எழுந்து, இது என்னன்னு சொல்லி, ஒரு வாக்கியமும் சொல்லணும். முதல் நாற்காலிக்கு முதல் கேள்வி. அப்படியே வரிசையா போகலாம்."

இவ்வறிவிப்பைக் கேட்டுச் சிலர் வெளிறினர், சிலர் இருமினர், ஒருவர் கழிவறை எங்கே என்று, பதினெட்டு ஆண்டாய் அங்கேயே வேலை செய்தும், வினவினார். டிக்சனரியார் மட்டும் கலங்கவில்லை. அவர் பள்ளிப் பருவத்தில் பயின்ற ஒரே போர்க்கலை அப்போது கைகொடுத்தது: தமக்கு முன்னே எத்தனை தலை என்று எண்ணுவது. ஒன்பது தலை. தாம் பத்து. பலகையில் பத்தாவது, டெமான்ஸ்ட்ரேட்டிவ் ப்ரொனவுன். மடியில் கிடந்த கையேட்டைத் தொடைமறைவில் விரித்து, அந்த ஒரு பக்கத்தை மட்டும் கண்ணால் குடித்தார். 'திஸ், தட், தீஸ், தோஸ். சுட்டிக்காட்டும் சொல். திஸ் இஸ் மை பஸ்.' நான்கே நான்கு சொற்கள்! மனத்துள் வெற்றிமுரசு கொட்ட, அண்ணல் சாய்ந்து அமர்ந்தார்.

முதல் நாற்காலிப் பரிசோதகர் 'பஸ்' என்று சொல்லி முதற்பகையை வீழ்த்தினார். இரண்டாமவள், கேன்டீன் அக்கா, தன் பூனையின் பெயரைச் சொல்லி ப்ராப்பர் நவுனை மண்டியிடச் செய்தாள். அந்தோ, அப்போது மூன்றாம் நாற்காலியில் கைப்பேசி அலறியது! ஸ்டோர்கீப்பர் அதைக் காதில் வைத்தபடி வெளியே ஓடினார். அண்ணலின் கோட்டையில் ஒரு செங்கல் உருவப்பட்டது. இப்போது அவர் பத்து அல்லர், ஒன்பது. ஒன்பதாவது பொசஸிவ்.

பதறிய விரல்கள் பக்கம் புரட்டின. 'மைன், யுவர்ஸ், ஹிஸ், ஹெர்ஸ்' என்று உதடசையாமல் ஓதினார். அதற்குள் ஃபிட்டர் சாவிக்கொத்தை ஆட்டிக் காட்டிக் கலெக்டிவை முடித்தார். டயர்க்காரர் 'ரப்பர்' என்று ஒரே அடியில் மெட்டீரியலைச் சாய்த்தார். அடுத்து அப்ஸ்ட்ராக்ட் எலக்ட்ரீஷியன்மேல் பாய்ந்தது.

"தொட முடியாது, ஆனா உணர முடியும். அப்படி ஒண்ணு சொல்லுங்க," என்றாள் ஆசிரியை.

"கரண்ட் மேடம். தொட்டா போச்சு."

 ஆசிரியை அதே கேள்வியை அடுத்த நாற்காலிக்கு நகர்த்தினாள். வாட்ச்மேன் 'பயம்' என்றார், அதை உணர்ந்தே சொன்னார். ஒரு கேள்விக்கு இரண்டு தலை செலவாகிவிட்டது. அண்ணல் மறுபடி எண்ணினார். இப்போது அவர் எட்டு. எட்டாவதோ பெர்சனல்! ஐ, வீ, யூ, ஹீ, ஷீ, இட், தே என்று பால்குடி மறந்த பிள்ளையும் சொல்லுமே! கண்ணில் நீர் ததும்ப, கையேட்டை மூடி, நெற்றியிலிருந்த கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, எழுந்து முழங்கப்போகும் தருணத்துக்காகத் தொண்டையையும் செருமி வைத்துக்கொண்டார் நம் தலைவர்.

ஆனால் டைப்பிஸ்ட் அம்மாள் என்றொருத்தி இருந்தாள். எந்த வேலையையும் பாதியில் விட மனம் வராதவள். ஆறாவதான கவுண்டபிளுக்கு 'டிக்கெட்' என்று சொன்னவள், மூச்சு விடாமல், "அன்கவுண்டபிளுக்கு டீசல் மேடம், அதையும் நானே சொல்லிடறேன்" என்று ஏழாவதையும் சேர்த்து வெட்டிச் சாய்த்துவிட்டு அமர்ந்தாள். கூடம் கைதட்டியது. கைதட்டாதவர் ஒருவரே. கைக்கெட்டிய எட்டாவது இப்போது பக்கத்து நாற்காலி டிரைவருக்குப் போயிற்று.

டிரைவர் எழுந்து, சட்டையைச் சரிசெய்துகொண்டு, ஏழு சொற்களையும் வரிசை தவறாமல் சொன்னார். அத்தோடு நின்றாரா?

"ஐ டிரைவ் தி பஸ். இங்க நான் சப்ஜெக்ட் மேடம். தி பஸ் டிரைவ்ஸ் மீ. இங்க நான் ஆப்ஜெக்ட். ரெண்டாவதுதான் உண்மை."

ஆசிரியையே சிரித்துவிட்டாள். அண்ணலோ ஒன்பதாவதை, அந்தப் பொசஸிவை, தொலைத்த இடத்தில் தேடிக்கொண்டிருந்தார். 'மைன், யுவர்ஸ்...' ஆம், கிடைத்துவிட்டது. எழுவதற்கு நாற்காலியின் கைப்பிடியைப் பற்றினார்.

கதவு திறந்தது. ஸ்டோர்கீப்பர் திரும்பி வந்தார்.

"வாங்க, உங்களுக்கு ஒண்ணு பாக்கி இருக்கு," என்று ஆசிரியை ஒன்பதாவதை அவர் தலையில் போட்டாள். ஸ்டோரிலுள்ள ஓர் ஆணியைக்கூட யாருக்கும் லேசில் கொடுத்தறியாத அந்த மனிதர், "திஸ் ஸ்பேனர் இஸ் மைன்" என்று கணீரென்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அவருக்குப் பொசஸிவைக் கற்பிக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை.

ஆக, ஒன்பதாகி, எட்டாகி, மீண்டும் ஒன்பதாகி, ஊரெல்லாம் சுற்றிய விதி நம் தலைவரைப் பழைய பத்திலேயே கொண்டுவந்து இறக்கியது. எதை அவர் முதன்முதலில் நெட்டுருப் போட்டாரோ, எந்த நான்கு சொற்களுக்காக உள்ளுக்குள் முரசு கொட்டினாரோ, அதே டெமான்ஸ்ட்ரேட்டிவ்! எழுந்தார். நெஞ்சு நிமிர்த்தினார். வாய் திறந்தார். அந்தோ, உள்ளே படைவீடு எரிந்து கிடந்தது! மைனை விரட்டி ஐ வந்திருந்தது, ஐயை விரட்டி மறுபடி மைன் வந்திருந்தது, இவ்விருவரும் முட்டி மோதிய களேபரத்தில் அந்த நால்வரும் எந்த வழியே போனார்களோ தெரியவில்லை. பதின்மூன்று முகங்கள் திரும்பிப் பார்த்தன. பதினோராண்டுப் புகழ் ஒற்றைக்காலில் நின்று ஆடியது. அவர் நாற்காலியின் கைப்பிடியை மறுபடி பற்றினார். அதை நாம் மறைக்க விரும்பவில்லை. நாமும் பக்கத்துச் சுவரைப் பற்றினோம்.

"தெரியல மேடம்," என்றார் டிக்சனரியார்.

விண் இடியவில்லை. மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

"பரவாயில்ல சார், உட்காருங்க. அடுத்தவங்க?"

அடுத்தவர் சொன்னார். பதினான்காம் பகைவனும் வீழ்ந்தபின் தேநீர் இடைவேளை என்று அறிவிப்பு வந்தது. வீரர்கள் எல்லோரும் ஆரவாரித்து வெளியேற, தோற்ற தலைவர் கடைசியாக எழுந்து, ஒரு கிளாஸ் டீயோடு சன்னலோரம் ஒதுங்கினார். இனி எந்த முகத்தோடு அந்த மின்விசிறியின் கீழ் அமர்வது? மாற்றல் கேட்டுவிடலாமா என்றுகூட நினைத்தார். அதையும் ஆங்கிலத்தில்தான் கேட்க வேண்டும் என்பது நினைவுக்கு வர, நெஞ்சு இன்னும் கனத்தது.

அப்போது டிரைவர் ஒரு வெள்ளைத்தாளோடு வந்து நின்றார்.

"சார், வெள்ளிக்கிழமை பொண்ணு ஸ்கூல்ல மீட்டிங். ஒரு நாள் லீவு வேணும். எழுதிக் கொடுங்க."

டிக்சனரியார் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "நீதான் அங்க அப்படி வெளுத்து வாங்கினியே. நான் முழிச்சதைப் பார்த்தல்ல? அப்புறமும் எங்கிட்ட வர்ற?"

"அதுக்கென்ன சார்? உங்களுக்கு இங்கிலீஷ் வராதுன்னு எல்லாருக்கும் தெரியும்."

"எல்லாருக்குமா?"

"ஆமா சார். யாரு எதுக்குக் கேட்டாலும் ஃபீவர்னுதானே எழுதறீங்க. என் தங்கச்சி கல்யாணத்துக்கே ஃபீவர்னு எழுதினீங்க. ஆனா உங்க எழுத்து இருக்கே, குண்டு குண்டா, அச்சடிச்ச மாதிரி! பார்த்தவுடனே மேனேஜர் படிக்காம சைன் போட்டுடறார். நாங்க எழுதினா உட்காந்து படிக்கறார்."

பதினோராண்டு கட்டிய கோட்டை காகிதத்தால் ஆனது என்பதும், அதைச் சுற்றி நின்ற குடிகள் அனைவரும் அதை முதல்நாள் தொட்டே அறிந்திருந்தனர் என்பதும், அறிந்தும் ஒருவரும் ஊதிப் பார்க்கவில்லை என்பதும் ஒருசேர வந்து தாக்க, அண்ணலுக்கு முகம் சுட்டது, வெட்கமாக இருந்தது, அதே சமயம், அரை அங்குலம் உயர்ந்தே நடந்து வலித்துப்போன குதிகால் முதன்முறையாகத் தரையில் பதிந்ததுபோல ஒரு சுகமும் இருந்தது. தோல்வியா வெற்றியா, இதை எந்தப் பண்ணில் பாடுவது, இத்தலைவனை இனி எந்த அடைமொழியால் போற்றுவது என்று நாம் மூச்சை இழுத்துப் பிடித்து, தொண்டையைக் கனைத்து, அடுத்த ஆயிரம் அடிக்கு ஆயத்தமாகி நின்றோம்.

டிக்சனரி சார் டீ கிளாசைக் கீழே வைத்துவிட்டு ஃபீவர் என்று எழுதினார்.