எல்லார் வயிற்றிலும் ஒரே முடி

தலையெழுத்தை நம்பிக்கொண்டிருந்த ஊர் இப்போது முன்னேறிவிட்டது. கருவெழுத்தை நம்புகிறது.

நாற்காலிக் கடைக்கு மேலே இருந்த கூடத்துக்குப் போகும் படிக்கட்டில் எள் போட்டால் எள் விழாது. கர்ப்பிணிகள், கர்ப்பத்துக்குக் காத்திருப்பவர்கள், அவர்களுடைய மாமியார்கள், மாமியார்களுக்குத் துணைக்கு வந்தவர்கள் என்று அத்தனை பேரும் கருவெழுத்து அடிகளைத் தரிசிக்க வந்தவர்கள். அடிகள் பழைய மாதிரிச் சாமியார் இல்லை. தாயத்து கிடையாது, மந்திரம் கிடையாது. வெள்ளைக் கோட்டு உண்டு. கழுத்தில் ஸ்டெதஸ்கோப் உண்டு. அது அவர் காதுக்குப் போய் யாரும் பார்த்ததில்லை. வாயைத் திறந்தால் மைக்ரோ ஆர்என்ஏ; பிள்ளையின் விதி கருவிலேயே அதில்தான் எழுதியிருக்கிறதாம். புரியாத சொல்லாக இருந்துவிட்டால் படித்தவர்களும் வரிசையில் நிற்பார்கள்.

பல் டாக்டர் நின்றார். பக்கத்தில் அவர் மனைவி, கணக்கு டீச்சர்.

டீச்சரைக் கேலி செய்ய மனம் வரவில்லை. ஆய்வகத்தில் உருவாக்கிய கருக்களில் இரண்டு தங்கவில்லை. மிச்சமிருந்த ஒரே கருவைப் போன வாரம்தான் அவர் வயிற்றில் வைத்தார்கள். அது தங்குவதற்கு ஆஸ்பத்திரியில் கொடுத்த ஊசியைத் தினமும் தவறாமல் போட வேண்டும். இன்றைய ஊசி கைப்பையில் இருந்தது. அடிகளோ ஊசி வேண்டாம், என் சொட்டு மருந்து போதும் என்பவர்.

கூடவே நாத்தனாரும் வந்திருந்தாள். ஆராய்ச்சிக் கூடத்தில் எலிக் கருக்களை வளர்த்துப் பார்ப்பது அவள் வேலை. வீட்டில் அவளுக்கு எலிக்காரி என்று பெயர்.

"சிரிக்காத," என்றார் பல் டாக்டர். "மைக்ரோ ஆர்என்ஏ நிஜம்னு நீதான சொன்ன?"

"கடல்கூட நிஜந்தான்ணே. அதைப் பட்டா போட்டுத் தரேன்னு ஒருத்தன் சொன்னா வாங்கிடுவியா?"

"அது என்னதான் செய்யும், சொல்லேன்," என்று கேட்டார் டீச்சர்.

"மரபணு 'இந்தப் புரதத்தைச் செய்'னு சேதி அனுப்பும் அண்ணி. அந்தச் சேதியைப் பிடிச்சு 'போதும், நிறுத்து'ன்னு சொல்ற குட்டித் துண்டுதான் இது. ஆனா எலிக் கருவுல முதல் சில நாள் அது பெரும்பாலும் சும்மாதான் கிடக்கும். அது உருவாகவே முடியாதபடி செஞ்சும் பார்த்துட்டாங்க. கரு அதுபாட்டுக்கு வளர்ந்துச்சு. அதுக்கப்புறம்தான் அது இல்லாம முடியாதுன்னு ஆச்சு. மனுஷக் கருவுல எப்படின்னு முழுசாத் தெரியாது. தெரியாததைத் தெரியாதுன்னு நாங்க சொல்றோம். உங்க அடிகளுக்கு எல்லாம் தெரியுது."

கூடத்தில் பெரிய திரை. கீழே மேசை, அதன் மேல் ஒரு மைக்ராஸ்கோப். ஒரு பெண் கண்ணாடித் தகட்டில் எச்சில் வைத்தாள். அடிகள் தகட்டை லென்ஸுக்கு அடியில் செருகினார். திரையில் சோப்பு நுரைபோல் சில உருண்டைகள் ஒட்டிக்கொண்டு அசைந்தன. வயிற்றில் இருக்கும் குழந்தை நேரடி ஒளிபரப்பாம்! எச்சில் வழியாக. அந்தப் பெண் தேம்பித் தேம்பி அழுதாள்.

திரையின் இடது மூலையில் ஒரு முடி வளைந்து கிடந்தது. அடுத்த பெண்ணின் குழந்தைக்கு அருகிலும் அதே முடி, அதே வளைவு. விடைத்தாளில் காப்பியடித்ததைக் கண்டுபிடிக்கிற கண் டீச்சருக்கு.

"அது என்னங்க மூலையில?"

"முன்வினை இழை தாயே! எல்லாக் கருவுலயும் இருக்கும்," என்றார் அடிகள், கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.

டீச்சரின் முறை வந்தது. எச்சில் வைத்தார். உருண்டைகள் அசைந்தன. அவ்வளவுதான், முடியும் மறந்தது, முன்வினையும் மறந்தது. என் பிள்ளை என்று திரையை நோக்கி ஓரடி எடுத்து வைத்தார்.

"எழுத்து அருமையா இருக்கு. ஆனா அந்த ஊசி அதை அழிக்குது பாருங்க! இன்னையோட நிறுத்துங்க."

தினமும் ஊரார் ஈறில் ஊசி குத்துகிற பல் டாக்டர், கைப்பையிலிருந்து மனைவியின் ஊசியை எடுத்துக் குப்பைக்கூடையைத் தேடினார்.

எலிக்காரி அண்ணியின் காதருகே குனிந்தாள். "உங்களுக்கு வச்சது அஞ்சு நாள் வளர்ந்த கரு, அதுலயே நூறு உருண்டை பக்கம் இருக்கும். இதுல மொத்தமே எட்டு உருண்டைதான். வளர்ந்த பிள்ளை உள்ள போய் வயசு குறைஞ்சுடுச்சா அண்ணி? பசங்க வெறும் விடையை எழுதினா மார்க் போடுவீங்களா?"

"சரிபார்க்கச் சொல்லுவேன்," என்றார் டீச்சர் மெதுவாக.

"அப்ப சரிபாருங்க. அந்தத் தகட்டை வெளிய எடுங்க."

டீச்சர் கையை நீட்டினார். படம் மறைந்துவிட வேண்டும் என்று மனம் கெஞ்சியது. மறைந்தால்தானே அது அவர் பிள்ளை! தகட்டை உருவினார்.

படம் மறையவில்லை. எட்டு உருண்டைகளும் ஜோராக அசைந்தன. முன்வினை இழையும் இருந்த இடத்திலேயே இருந்தது.

"தொடாதே! தீட்டு!" என்று அலறினார் அடிகள். விஞ்ஞானத்துக்குத் தீட்டு உண்டு என்று அன்றுதான் ஊருக்குத் தெரிந்தது.

"இது எங்க கூடத்து எலிக் கரு," என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னாள் எலிக்காரி. "எல்லாரும் பார்க்கட்டும்னு இணையத்துல போட்ட படம். அந்த முடி என்னுது. அன்னைக்குத் தொப்பியைச் சரியாப் போடலைன்னு வாங்கிக் கட்டிக்கிட்டேன்."

மேசைத் துணியைத் தூக்கினாள். அடியில் ஒரு மடிக்கணினி அதே படத்தைச் சுற்றிச் சுற்றி ஓட்டிக்கொண்டிருந்தது. அடிகளைக் காணோம், பின்வாசல் கதவு மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

டீச்சருக்கு அழுகை வந்தது, அதைவிட அதிகமாக ஆத்திரம் வந்தது. கணவர் கையிலிருந்த ஊசியைப் பிடுங்கினார். "வாங்க வீட்டுக்கு. போடற நேரமாச்சு." பல் டாக்டர் பல்லைக் காட்டவில்லை, தலையைக் குனிந்துகொண்டு நடந்தார்.

படிக்கட்டில் ஒரு பெரியவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "தகடே இல்லாமக் குழந்தையைக் காட்டியிருக்காருன்னா, அடிகளுக்கு எவ்வளவு சக்தி!"

டீச்சர் நின்றார். "அப்படிங்களா ஐயா? இன்னைக்கு ராத்திரி சோறு வைக்காம வெறும் தட்டு முன்னால உட்காருங்க. வயிறு ரொம்பினா சொல்லி அனுப்புங்க, நானும் வந்து கும்பிடறேன். ரொம்பலைன்னா மட்டும் கொஞ்சம் யோசிங்க."