மீட்டர்காரர் ஒப்புக்கொண்டவை

டீயை மேசைமேல் வைத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் டீச்சர் உள்ளே போனாள். மீட்டர்காரர் பேப்பரைத் தாழ்த்தி அவள் போன திசையைப் பார்த்தார்.

நேற்றிலிருந்து இப்படித்தான். வீடு வீடாக ஏறி இறங்கி மின்சார மீட்டர் பார்த்து எழுதுவது அவர் பிழைப்பு. முட்டி வலியோடு திரும்பி வந்தால், "செருப்பை ஓரமா விடுங்க, கையைக் கழுவுங்க, அந்த பல்பை எப்பத்தான் மாத்துவீங்க" என்று வீட்டிலும் வகுப்பெடுக்கிறவள் மனைவி. பேப்பரைப் பார்த்துக்கொண்டே அவர் "ம்" கொட்டுவார். இத்தனை வருஷக் குடித்தனத்தை அந்த ஓர் எழுத்திலேயே ஓட்டிவிட்டவர்.

இப்போது அதற்கும் வேலை இல்லை.

"என் மேல கோபமா?"

டீச்சர் தொண்டையைத் தொட்டுக் காட்டிக் கையை விரித்தாள். கழுத்து வரைக்கும் வந்தாச்சு, இனிமேல் முடியாது என்கிறாள் போலும். காய்ச்சலோடுகூடப் பள்ளிக்கூடம் போகிறவள் லீவு வேறு போட்டிருந்தாள். தங்கை வீட்டோடு போய்விடுவாளோ என்று அவருக்குக் கிலி பிடித்தது.

பெண்டாட்டி திட்டினால் மழை. குடை பிடிக்கலாம். பேசாமல் இருந்தால் மேகம். அதற்கு எதைப் பிடிப்பது?

பாத்திரம் கழுவினார். பள்ளிக்கூடத்தில் அவளுக்குப் பரிசாகக் கொடுத்த கோப்பை கை நழுவி உடைந்தது. டீச்சர் வாயைத் திறந்தாள். கண்ணை மூடி, வாயையும் மூடிக்கொண்டாள்.

'திட்டக்கூட மனசு வரலையே' என்று மீட்டர்காரர் இடிந்துபோனார்.

ஆபீஸில் லைன்மேன் வழி சொன்னான்.

"என்ன தப்புன்னு தெரியலைன்னா, தெரிஞ்ச தப்பை எல்லாம் ஒத்துக்கங்கண்ணே. ஒண்ணு இல்லாட்டி ஒண்ணு பொருந்தும். பொம்பளைங்க மனசு லேசுல இளகிடும்."

"உன் வீட்ல இப்படித்தான் செய்வியா?"

"எனக்கு எங்கண்ணே கல்யாணம் ஆச்சு."

வேறு வழியில்லாமல் அன்று மாலையே ஆரம்பித்தார்.

"உங்க அப்பா குடுத்த சுவர்க் கடிகாரம் திருட்டுப் போகலை. அந்தச் சத்தம் தாங்காம நான்தான் ஆபீஸ் அலமாரியில வச்சிருக்கேன்."

டீச்சரின் ஒரு புருவம் மேலே போனது. அது இல்லை போலிருக்கிறது.

மறுநாள் அடுத்ததை எடுத்தார்.

"உங்க அம்மா தங்க வந்தப்போ வெளியூர் டியூட்டின்னு சொன்னேன்ல? வெளியூர் இல்ல. நாலு தெரு தள்ளி, லைன்மேன் ரூம்ல படுத்திருந்தேன்."

டீச்சர் நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தாள். பாடம் ஒப்பிக்கிற பிள்ளையிடம் காட்டுவது போல 'ம், மேலே' என்று கையை ஆட்டினாள். மீட்டர்காரர் அன்றைக்கு ஒன்றுக்கு நாலாகச் சொன்னார். மீட்டர் முள் முன்னே போகுமே தவிரப் பின்னே வராது என்பது அவருக்குத் தெரியாததா?

அதற்கடுத்த நாள் கையில் ஒன்றுதான் மிச்சம் இருந்தது. அதைச் சொல்லவே கூடாது என்றுதான் வைத்திருந்தார்.

"காதலிக்கிறப்போ பார்க்குல உட்கார்ந்து எனக்காகப் பாடுவியே. நான் கண்ணை மூடி ரசிக்கிறதைப் பார்த்துத்தான் கட்டிக்கிறேன்னு சொன்னே." நாற்காலியைக் கொஞ்சம் பின்னுக்கு நகர்த்திக்கொண்டார். "தூங்கிட்டேன்மா. பகலெல்லாம் நடந்த அலுப்பு."

டீச்சர் எழுந்தாள். உள்ளே போய்க் கதவைச் சாத்தித் தாழ் போட்டுக்கொண்டாள்.

மானத்தை விட்டு மச்சினிக்குப் போன் போட்டார். காலையில் அவள் வந்து நின்றாள்.

"உங்க அக்காவுக்கு என் மேல என்ன கோபம்னு நீயாவது கேட்டுச் சொல்லும்மா. எனக்குத் தெம்பில்ல."

"கோபமா? கிளாஸ்ல கத்திக் கத்தித் தொண்டை புண்ணாப் போச்சு மாமா. டாக்டர் பேசக் கூடாதுன்னுட்டார். உங்ககிட்டதான் முதல்ல சொன்னாளாம். பேப்பரைப் பார்த்துக்கிட்டே 'ம்'னீங்களாமே."

மீட்டர்காரர் அப்படியே நாற்காலியில் சரிந்தார். ஈனக்குரலில் கேட்டார்.

"அப்ப, எப்பதான் பேசலாமாம்?"

"டாக்டர் வச்ச கெடு முந்தாநாளே முடிஞ்சுடுச்சே மாமா. நேத்து மத்தியானம்கூட என்கிட்ட போன்ல ஒரு மணி நேரம் பேசினா. 'நீ வாயைத் திறந்துடாதடி, மனுஷன் தானா ஒவ்வொண்ணா கக்கிட்டிருக்காரு, நடுவுல பேசிக் கெடுத்துடக் கூடாது'ன்னா."