டீ அட்டையும் நான் கிளப்பிய பீதியும்

எனக்குச் சந்தேகம் பிறவிக் குணம். கணவர் (பாவம்) சம்பளச் சீட்டைக் காட்டினால் அதைத் திருப்பிப் பின்பக்கமும் பார்ப்பேன். ஆனால் கல்லூரியில் நான் நடத்துவது பணவியல் கோட்பாடு. பணம் வெறும் காகிதம், அதன்மேல் ஜனங்கள் வைக்கிற நம்பிக்கைதான் மதிப்பு என்று வருஷா வருஷம் தொண்டை கிழியக் கத்துகிறேன்.

பல வருஷத்துக்கு முன்னால் நடந்தது இது. அப்போது முனைவர் பட்டத்துக்குக் கடைசி அத்தியாயம் பாக்கி. அது முடிந்தால்தான் வேலை நிரந்தரம். அந்த நேரம் பார்த்து, கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் என் கணவரின் சட்டைப் பையில் ஒரு காலண்டர் அட்டைத் துண்டு கிடைத்தது. ரோஜாப்பூ ரப்பர் ஸ்டாம்பு, கீழே 'செல்வி' என்று கையெழுத்து. நான் விசாரித்த லட்சணத்தை இங்கே எழுத முடியாது.

கடைசியில் பார்த்தால் அது கம்பெனி வாசலில் டீக்கடை வைத்திருக்கும் செல்வியக்காவின் அட்டை. சம்பளம் வந்ததும் தொழிலாளர்கள் மொத்தமாக வாங்கி வைத்துக்கொள்வார்களாம். ஓர் அட்டைக்கு ஒரு டீ. ஷேர் ஆட்டோக்காரர்கூட காசுக்குப் பதில் அதை வாங்கிக்கொள்வாராம். எனக்குப் புல்லரித்துவிட்டது. அக்கா சொந்தமாகப் பணமே அச்சடிக்கிறார். அத்தியாயம் கிடைத்தாச்சு.

மறுநாள் மாலை நோட்டும் கையுமாகப் போய் பெஞ்சில் உட்கார்ந்தேன். ஷிஃப்ட் முடிந்து வந்த எல்லோரிடமும் ஒரே கேள்வி. நாளைக்கு அக்கா கடையை மூடிவிட்டால் இந்த அட்டையை என்ன செய்வீர்கள்? எல்லோரும் என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள். வெல்டர் ஒருவர் மட்டும் மெதுவாகக் கேட்டார்.

"ஏன் மேடம், அக்கா கடையக் காலி பண்ணிக்கினு போவுதா?"

"தெரியலை, சும்மா ஒரு உதாரணத்துக்குக் கேட்டேன்" என்றேன். (இதைவிட மோசமான பதிலை யோசித்துக்கூடச் சொல்ல முடியாது.)

அடுத்த நாள் போனால் கடை முன்னால் பெரியபாளையத்து அம்மன் கோயில் ஆடி மாசக் கூட்டம். எல்லோர் கையிலும் கத்தை கத்தையாக அட்டை. ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு நாலாவது டீயை விழுங்கிக்கொண்டிருந்தார். பால் அடிமட்டத்துக்கு வந்துவிட்டது. அட்டை விற்ற காசை அக்கா ஃப்ரிட்ஜுக்கு முன்பணமாகக் கட்டியிருந்தார், திருப்பித் தரக் கையில் எதுவுமில்லை. ஒரே ஒருவரிடம் 'டீ இல்லை' என்று சொன்னாலும் கடையின் பேர் போய்விடும். பயந்த ஜனம் வங்கியை மொய்ப்பதைப் போர்டில் எத்தனை முறை படம் போட்டிருப்பேன்! நேரில் பார்த்தது அன்றுதான். கிளப்பிவிட்டதும் நானேதான். வெட்கமாக இருந்தது, பயமாகவும் இருந்தது.

ஏதாவது செய்தாக வேண்டுமே என்று பெஞ்சின்மேல் ஏறினேன். "யாரும் பயப்படாதீங்க, பால் இருக்கு" என்று அறிவித்தேன். அதுவரை சும்மா நின்றவர்களும் வரிசையில் சேர்ந்தார்கள்.

செல்வியக்கா வடிகட்டியைக் கீழே வைத்தார். "மேடம், நீங்கோ மொதல்ல எறங்குங்கோ" என்றார். பிறகு கூட்டத்தைப் பார்த்து, "இன்னிக்கே குடிக்கிறவங்கோ குடிங்கோ. நாளைக்கி அட்டை எடுத்தாந்தா டீயோட பிஸ்கெட்டும் உண்டு" என்றார்.

பத்து நிமிஷத்தில் கூட்டம் கலைந்தது. காத்திருப்பவனுக்கு வட்டி. நான் இருநூறு பக்கம் எழுதியதை அக்கா ஒரு பிஸ்கெட்டில் முடித்துவிட்டார்.

பட்டம் வாங்கினேன், வேலை நிரந்தரமானது, பேராசிரியரும் ஆகிவிட்டேன். அக்கா கடையில் அட்டை இன்றும் ஓடுகிறது. எனக்கு மட்டும் கிடையாது, கேட்டால் "மேடத்துக்குக் காசுதான்" என்பார். வீட்டில் நான் சிலிண்டரை ஆட்டிப் பார்த்து, கேஸ் தீரப்போகிறதோ என்று சந்தேகப்பட்டால் போதும். கணவர் எழுந்து நாற்காலிமேல் ஏறி நிற்பார். மகள் கைதட்டி அறிவிப்பாள், "யாரும் பயப்படாதீங்க, பால் இருக்கு."