ரோட்டர் அண்ணை பறிகொடுத்த ஒன்று

வன்னி முழுவதையும் சல்லடை போட்டுத் தேடினாலும் ரோட்டர் அண்ணையைப் போல் கள்ளனுக்குப் பயந்த மனிதர் அகப்பட மாட்டார். இத்தனைக்கும் அவரிடம் இருந்த சொத்து ஒரு பழைய ஏ-40 கார். பெற்றோல் வராத தொண்ணூறுகளில், நாலு துளி பெற்றோலைக் காட்டி ஏமாற்றி ஸ்ராட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் புகைவிட்டபடி ஓடிய கார். கிளிநொச்சியில் எங்கள் பக்கத்து வளவில் நின்றது.

காரை நிறுத்தினால் பூட்டிவிட்டுத் திறப்பை எல்லோரும் எடுப்பார்கள். அண்ணை எஞ்சினை மூடும் பொனற்றையும் திறந்து, பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிடும் பெருவிரல் அளவான ரோட்டரைக் கழற்றிச் சட்டைப்பையில் போடுவார். அது இல்லாவிட்டால் கார் இருமுமே தவிர ஸ்ராட் ஆகாது. யாராவது சிரித்தால் சீற்றுக்கு அடியிலிருந்து காரின் ஆங்கிலப் புத்தகத்தை எடுப்பார்.

"இஞ்சை பார், வெள்ளைக்காரனே போட்டிருக்கிறான். காரைத் தனிய விட்டிட்டுப் போனால் ரோட்டரைக் கழட்டச் சொல்லி."

"அண்ணை, உங்கட காரைக் களவெடுக்கிறவன் முதல்லை மண்ணெண்ணெய் தேட வேணுமே?"

"தேடிக்கொண்டு வந்திட்டானெண்டால்?"

ஒருமுறை கோயிலில் கல்யாணம். மாப்பிள்ளை, பொம்பிளையை ஏற்ற அண்ணையின் கார். உள்ளே போகக் கழற்றிய அவரது சட்டையை மனைவி வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சவர்க்காரத்தில் ஊறப்போட்டுவிட்டார், ரோட்டரோடு. நல்லநேரம் தப்பிவிடும் என்று மணமக்கள் நெல் ஏற்றும் ட்ராக்டரில் போனார்கள். அண்ணைக்கு இம்மியும் வெட்கமில்லை.

"கார் பத்திரமாய் நிக்குதெல்லோ," என்றார்.

ஷெல் விழத் தொடங்கி ஊரே கிளம்பிய அன்று அவரது குடும்பத்தை ஏற்ற மைத்துனர் ட்ராக்டர் கொண்டுவந்தார். அண்ணை அக்கா என்று கூப்பிடும் என் அம்மாவுக்கு முட்டு வருத்தம். பத்தடி நடந்தால் மூச்சு வராது, ட்ராக்டர்த் தூசியும் ஆகாது. அண்ணை காரை எங்கள் படலையடியில் கொண்டுவந்து நிறுத்தினார். திறப்பை என் கையில் வைத்தார். அவர் திறப்பை இன்னொருவரிடம் கொடுத்த அதிசயத்தைப் பார்க்க ஊரில் அன்று ஆளில்லை.

"தம்பி, எண்ணெய் நிரப்பியிருக்கு. அக்காவைப் பின்சீற்றிலை சாய்ச்சுக்கொண்டு வா. விசுவமடுவிலை சந்திப்பம்."

போகிற அவசரத்திலும் பொனற்றைத் திறந்து மூடினார். தண்ணீர் பார்க்கிறார் என்று நினைத்தேன்.

திறப்பைத் திருப்பினேன். கார் இருமியது. பெற்றோல் விட்டேன், தள்ளினேன், கெஞ்சினேன். பொனற்றைத் திறந்தபோதுதான் விளங்கியது, ரோட்டர் இல்லை. அவரையறியாமல் அவரது கை தன் வேலையைப் பார்த்திருந்தது. அம்மாவைச் சைக்கிள் கரியரில் இருத்தி உருட்டத் தொடங்கினேன்.

தருமபுரம் தாண்டியதும், சனமெல்லாம் ஒரு பக்கம் போக, ஒரு சைக்கிள் மட்டும் எதிரே வந்தது. ரோட்டர் அண்ணை. ஒரு கை ஹாண்டிலில், மறு கை பொத்தியபடி. எங்களைக் கண்டதும் இறங்கி, பொத்திய கையை விரித்துக் காட்டினார்.

அம்மா இழுத்து இழுத்து மூச்சு வாங்கிக்கொண்டு அண்ணையிடம் சொன்னார்: "தம்பி, எங்களாலையும் களவெடுக்க ஏலேல்லை."

அம்மா சிரித்தார். அண்ணை நடுரோட்டில் நின்று அழுதார்.

காரை அதற்குப் பிறகு நாங்கள் காணவில்லை. அந்தப் பயணத்தோடு அம்மா கிணற்றடிக்குக்கூடப் போக முடியாதவராகிவிட்டார். பழைய வருத்தம் முற்றியதுதான் என்று டாக்டர் சொன்னார். அண்ணை நம்பவில்லை. பின்னேரங்களில், விசுவமடுவில் நாங்கள் போட்டிருந்த ஓலைக் கொட்டிலுக்கு வந்து, ரோட்டரை எடுத்து உருட்டிப் பார்த்தபடி இருப்பார்.

"புத்தகத்திலை கழட்டச் சொல்லித்தான் கிடந்தது, அக்கா. எப்ப கழட்டக் கூடாதெண்டு போடேல்லை."

ஒருநாள் அம்மா கையை நீட்டினார். "இஞ்சை தாரும், பாப்பம்."

வாங்கியதை இடுப்பில் செருகிக்கொண்டு கத்தரிக்காய்க் கதைக்குப் போய்விட்டார். புறப்பட எழுந்த அண்ணையின் கை சட்டைப்பையைத் தடவி நின்றது. அம்மாவைப் பார்த்தார். அம்மா கோழியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி அக்கா, வாறன்," என்று போனார். கண்முன்னால் நடந்த அந்தக் களவைப் பற்றி அவர் ஒருவரிடமும் முறையிடவில்லை.

அடுத்த மாரிக்கு அம்மா போய்விட்டார். எட்டாம் நாள் செலவுச் சடங்கு முடிந்த கையோடு ரோட்டரை அண்ணையிடம் நீட்டினேன்.

"வேண்டாம் தம்பி. அது அக்கான்ரை."

இன்று என் காரில் ஏதேதோ பூட்டெல்லாம் தானாக விழுகிறது. ஒவ்வொரு முறையும் நினைவு அந்த மனிதரிடம்தான் போகிறது. அவருக்காகவேனும் அந்தக் கார் அன்று ஓடியிருக்கலாம்.