தொங்கட்டான் செடியின் வைத்தியர்

மனிதர்களில் செடி வைத்தியர் என்றொரு இனம் உண்டு. இவர் வீட்டில் ஒரு செடியும் இருக்காது. இருந்ததெல்லாம் இவர் வைத்தியத்திலேயே போய்ச் சேர்ந்துவிட்டது. அதனால்தான் அடுத்தவர் வீட்டுத் தொட்டியைத் தேடி வருகிறார். உங்கள் சொந்தத்திலும் ஒருவர் இருப்பார். அக்கா தங்கை இருவரில் பெரியவளுக்கு வாய்த்தவர் அவள் கொழுந்தன். வீட்டுக்காரரின் கடைசித் தம்பி. பஸ் டிப்போவில் டயர் தட்டிப் பார்க்கிற வேலை. சொந்தக்காரர்கள் வைத்த பெயர் நாடி.

பெரியவளின் தங்கை, மகளின் பிரசவத்துக்குப் போகும்போது, தன் ஃபியூஷியாத் தொட்டியை அக்காவிடம் விட்டுப் போயிருந்தாள். காதுத் தொங்கட்டான் போலப் பூக்கிற செடி. குளிர் முடிந்து பார்த்தால் இலை ஒன்றில்லை, வெறும் குச்சி. தங்கையோ, இரவல் கொடுத்த கரண்டி வளைந்து வந்ததைப் பத்து வருஷமாகக் கல்யாணத்துக்குக் கல்யாணம் சொல்லிக்கொண்டிருப்பவள். செடி செத்தால் பெரியவள் ஆயுசுக்கும் கேட்க வேண்டும்.

நாடி வந்தார். செருப்பைக் கழற்றுமுன்பே தொட்டியெதிரே குந்தி, கட்டைவிரல் நகத்தால் பட்டையைச் சுரண்டினார்.

"உள்ள பச்சை இருக்கு அண்ணி. உயிர் இருக்கு. தண்ணிதான் அதிகமாயிடுச்சு."

மறுநாள் இன்னொரு குச்சியைச் சுரண்டினார். தண்ணீர் போதவில்லையாம். அதற்கடுத்த நாள் வேரில் புழுவாம். தொட்டியைக் கவிழ்த்து, வேரை உதறி, வெளிச்சத்தில் பிடித்து, புழு இல்லாததில் சற்றே மனம் வருந்தி, திரும்ப நட்டு, மண்ணைக் குத்திக் குத்தி இறுக்கி, இறுக்கிவிட்டோமே என்று கிளறி, போகிற போக்கில் ஒரு சுரண்டு சுரண்டிவிட்டுப் போனார். பச்சை இருக்கிறதா என்று பார்த்தே பச்சையைத் தீர்க்கிற வைத்தியம் வேறெங்கே உண்டு?

"கொஞ்ச நாள் அதைச் சும்மா விடுங்களேன் தம்பி."

"சும்மா விட்டா எப்படித் தேறும் அண்ணி?"

அவர் போனதும் பெரியவள் வெளியே இறங்கினாள். காற்றுக்குத் தெருவில் விழுந்த மரக்குச்சி நாலைப் பொறுக்கி, வேறொரு தொட்டியில் செருகி, வாசலில் வைத்தாள். நிஜச் செடி குளியலறை ஜன்னலுக்குப் போனது.

நாடி வந்தார். மரக்குச்சியைச் சுரண்டினார். முகம் மலர்ந்தது.

"எவ்வளவோ தேவலை அண்ணி. வேரைப் பாத்துடட்டுமா?"

"வேணாம் தம்பி. இப்பத்தான் அசந்து தூங்குது."

தலையை ஆட்டிவிட்டு, நுனிக்காலில் நடந்து வெளியே போனார்.

குளியலறையில், யார் கையும் படாத செடி தளிர்த்து மொட்டு விட்டது. தங்கை வந்த அன்று குச்சிகள் குப்பைக்குப் போக, வாசலில் நிஜத் தொட்டியில் இரண்டு தொங்கட்டான் ஆடிக்கொண்டிருந்தது. தங்கைக்குக் குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. நாடிக்குச் சொல்ல நிறைய இருந்தது.

"எல்லாம் நம்ம வைத்தியம்தான். அண்ணியைக் கேளுங்க."

"ஆமாண்டி" என்றாள் பெரியவள். வளைந்த கரண்டி அவளுக்கு நினைவுக்கு வந்தது. "தம்பி, இனிமே இவ வீட்டுக்கே தினம் போய்ப் பாத்துட்டு வாங்க."

செடி முதலில் ஏன் வாடியது என்று இங்கே சொல்லவேயில்லை, கவனித்தீர்களா? படிக்கும்போதே காரணம் உங்களுக்குத் தோன்றிவிட்டதா? அப்படியானால் உங்கள் கட்டைவிரல் நகத்தை ஒருதரம் பார்த்துக்கொள்ளுங்கள். இடுக்கில் பச்சையாக ஏதோ ஒட்டியிருக்கிறது.